உச்சி வெயிலில் கரண்ட் போனபோது: ஹைபிரிட் இன்வெர்ட்டருடன் 14 மாதம்

மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல், படிக்கட்டுக்குக் கீழே 3 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரி. மாட்டி 14 மாதம் ஆகிறது. இனிமேல் எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் இருந்தது, தெரு லைனோடு இணைந்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். மாட்டிய இரண்டாவது வாரம், பட்டப்பகலில் கரண்ட் போனது. நமக்கென்ன கவலை என்று ஃபேன் சுவிட்சைப் போட்டேன். சுற்றவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், பேனல் கை வைக்க முடியாத சூட்டில் பளபளக்கிறது. வீட்டுக்குள் ஒரு பல்பு எரியவில்லை. விற்றவரைக் கூப்பிட்டேன். “லைன்ல கரண்ட் இல்லேன்னா அதுவும் நின்னுடும் சார், அது அப்படித்தான்” என்றார். வாங்கும்போது சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

காரணம் நியாயமானதுதான். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது நம் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால் லைன் செத்ததும் ஆன்-கிரிட் தானாக நின்றாக வேண்டும். ஹைபிரிட், லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை மட்டும் தனியாக ஓட்டுகிறது. பில் குறைந்தால் போதும் என்பவருக்கு முதல் வகை போதும். எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் எரிபொருளைக் கப்பலில் வாங்கும் நாடுகளுக்கு 2022 என்ன செய்தது என்று பார்த்துவிட்டோம். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா கூடுதல் விலை கொடுக்க, எரிவாயுக் கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. பாகிஸ்தானும் வங்கதேசமும் வாங்க முடியாமல் மின்வெட்டில் தவித்தன. டாலர் தீர்ந்துபோன இலங்கையில் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. நானே ஜெனரேட்டருக்காக டீசல் கேனோடு வரிசையில் நின்றவன். முன்னால் நின்றவர் கேன் நிரம்பும்போது மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, இன்வெர்ட்டர் பெட்டிக்கு வருகிறேன். கரண்ட் போனால் டியூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அணைவதில்லை. பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை: 3.2 வோல்ட் செல் பதினாறு, 100 ஆம்பியர் ஹவர். கணக்குப் போட்டால் 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பத்து சதவீதம் மிச்சம் வைக்கும்படி இன்வெர்ட்டரில் செட் செய்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், சில விளக்கு, ரவுட்டர் ஓடியும் விடியும்போது 40 சதவீதம் இருக்கிறது. பழைய ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினாலே ஆயுள் குறையும் என்று பயந்து பயந்து ஓட்டியவனுக்கு இது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. பேனலில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் போய்விடும். வெயில் கொளுத்தும் மதியத்தில் என் 3.2 கிலோவாட் பேனல்கள் 2.6-ஐத் தாண்டி நான் பார்த்ததில்லை. தூறல் நின்று மேகம் விலகும் ஐந்து நிமிடம் மட்டும் 3-ஐத் தொடும். அதைப் பார்க்கவே படிக்கட்டுக்கு ஓடுவேன்.

அப்புறம் லோடு. இண்டக்‌ஷன் அடுப்பு ஓடும்போது அம்மா தண்ணீர் மோட்டாரைப் போட்டார். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பெட்டி ஒருமுறை கத்திவிட்டு வீட்டையே இருட்டாக்கியது. “இதுக்குப் பழைய ஜெனரேட்டரே தேவலைடா” என்றார். இப்போது மோட்டார் சுவிட்ச் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். சர்வீஸ் பற்றிப் பேச வேண்டாம்: ஒரு கனெக்டர் லூசாகி மூன்று பேனல் சும்மா கிடந்தது, ஆள் வர பதினோரு நாள்.

பேனலும் பேட்டரியும் சீனாவிலிருந்துதானே வருகிறது, இதுவும் இறக்குமதிதானே என்று நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனால் டீசல் கப்பல் நின்றால் அடுத்த மாதமே இருட்டு. பேனல் கப்பல் நின்றால் மாடியில் இருக்கும் பேனல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், இருபது வருடத்துக்கு மேல். 2024-இல் பாகிஸ்தான் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் பேனல் இறக்கியது. பெரும்பாலும் வீட்டுக்காரர்களும் ஆலைக்காரர்களும் தாங்களாகவே வாங்கியது. அதற்கு அங்கே இன்னொரு பக்கமும் உண்டு. வசதியுள்ளவர்கள் லைனிலிருந்து வாங்குவதைக் குறைக்க, கரண்ட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மின் நிலையங்களுக்குக் கட்ட வேண்டிய நிலையான தொகை மாடி இல்லாதவர்கள் பில்லில் ஏறுகிறது. என் பெட்டி என் வீட்டைத்தான் காப்பாற்றுகிறது, தெருவை அல்ல. இதை நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது சர்வீஸுக்காக.

ஜெனரேட்டரை விற்றுவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. போன மழையில் தொடர்ந்து ஐந்து நாள் சூரியனைக் காணவில்லை, மூன்றாம் நாள் ராத்திரி அதைத்தான் இழுத்து ஸ்டார்ட் செய்தேன். இப்போதும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி வைக்கிறேன். அரைக் கேன் டீசல் அப்படியே இருக்கிறது.