நாமே ஏசி கேஸ் ஏற்றும் டப்பா: பழைய காரில் போட்டுப் பார்த்த கதை

என் காருக்கு வயது 15. ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் ஐந்தே நிமிடத்தில் வெதுவெதுப்பான காற்று. கேஸ் குறைந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, ஹோஸும் சின்ன மீட்டரும் சேர்ந்து வரும் ஆர்-134ஏ (கார் ஏசியில் குளிரூட்டும் கேஸ்) டப்பா ஒன்றை வாங்கினேன், 340 கிராம்.

மாட்டுவது சுலபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசி குழாயில் அழுத்தம் குறைந்த லோ சைடு வாய் 13 மி.மீ., அழுத்தம் கூடிய ஹை சைடு 16 மி.மீ. என்பதால் பக்கம் மாறி மாட்டவே முடியாது. நல்லவேளை, ஹை சைடில் மாட்டினால் டப்பாவே வெடிக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு இது, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகிவிடும்.

வம்பு மீட்டரில்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்து வைத்திருப்பதால் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் அது காட்டுவது அழுத்தத்தை, உள்ளே இருக்கும் அளவை அல்ல. இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால், 30 டிகிரி சூட்டில் முள் 95 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கும், கேஸ் பாதிதான் இருந்தாலும் சரி, முழுக்க இருந்தாலும் சரி. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசர் ஓடும்போது பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

எனக்கு ஓடும்போதே முள் பச்சையைத் தாண்டி நின்றது. கேஸ் குறையவில்லை என்று மீட்டர் அப்போதே சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று கால் டப்பாவை உள்ளே தள்ளினேன், இருந்த குளிர்ச்சியும் போனது! கேஸ் அதிகமானாலும் ஏசி குளிராது என்பது அன்றுதான் புத்தியில் ஏறியது. அப்புறம் குனிந்து பார்த்தால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று அடிக்கும் ஃபேன் சுற்றவே இல்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது, நின்றால் யார் பார்ப்பது? ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே போயிருந்தது, மாற்றினேன். நான் ஏற்றியதோடு உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்து உறிஞ்சி, வேக்குவம் போட்டு (உள்ளே காற்றே இல்லாமல் உறிஞ்சி), பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடை பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள்.

டப்பா யாருக்கு உதவும் என்றால், கம்ப்ரெசரை இன்ஜினோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை டக் டக்கென்று விழுந்து எழும்பி, ஓடும்போது மீட்டரும் குறைவாகக் காட்டும் வண்டிக்கு. அதுவும் தற்காலிகமாகத்தான், பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீராது, குறைந்தால் எங்கோ கசிகிறது. அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டு, இன்ஜின் சூடானதும் கிளட்ச் பிடிக்காமல் போகிற பழைய வண்டி என்றால் கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், அதற்கு டப்பாவில் மருந்து இல்லை.

கசிவை அடைக்கும் சீலன்ட் கலந்த டப்பாவும் விற்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கேஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும், கேஸ் எடுக்கும் மெஷினையும் கெடுக்கும் என்பதால் சில ஒர்க்‌ஷாப்களில் அந்த வண்டியைத் தொடவே மாட்டார்கள்.

சாதா டப்பாவுக்கு ஐந்தில் மூன்று, அதுவும் மீட்டருக்காக. சீலன்ட் டப்பாவுக்குப் பூஜ்யம்.