லடாக்கில் பெண்களுக்கான ஒன்பது நாள் சொகுசுப் பயணம்: ஒரு மதிப்பீடு

கடந்த ஜூன் மாதம், பெண்களை மட்டும் சிறு குழுவாக அழைத்துச் செல்லும் டெல்லி நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் லடாக்குக்குச் சென்று வந்தேன். குழுவில் எட்டுப் பேர். அவர்களில் என்னையும் சேர்த்து மூவர் டெல்லித் தமிழர்கள். மயூர் விஹாரில் என் எதிர் வீட்டுக்காரரும், ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 63 வயது மாமி ஒருவரும் என்னுடன் வந்தனர். தலைக்கு 2,10,000 ரூபாய், அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. விமானக் கட்டணம் தனி. இவ்வளவு பணத்துக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது என்று டெல்லியின் மலை மந்திர் முருகன் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, புறப்படுவதற்கு முன்பே அவர்கள் காட்டிய அக்கறை. பணம் கட்டிய மறுநாளே மருத்துவப் படிவம் ஒன்று வந்தது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இரத்தசோகை ஆகியவற்றைக் கேட்டதோடு, சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்றும் தனியாகக் கேட்டிருந்தார்கள். உயரமான இடங்களில் தலைவலி, குமட்டலோடு வரும் மலை நோயைத் தடுக்கப் பலரும் எடுத்துக்கொள்ளும் டயாமாக்ஸ் மாத்திரை அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதே காரணம். 55 வயதைத் தாண்டியவர்கள் இசிஜி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. மாமிக்கு இது சற்று அதிகப்படியாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெல்லியில் சுமார் 215 மீட்டர் உயரத்தில் காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் நிற்கிறோம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இந்த மாற்றத்துக்கு உடல் பழகச் சில நாட்கள் ஆகும். அதைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த முடியாது.

இதை அறிந்துதான் பயணத் திட்டத்தின் முதல் பாதியை அமைத்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து எங்களை லே விடுதிக்கு அழைத்துச் செல்லாமல், சிந்து நதியை ஒட்டியே மேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆல்ச்சிக்கு நேராக அழைத்துச் சென்றார்கள். ஆல்ச்சி லேவைவிட 400 மீட்டர் தாழ்வானது. அங்கே இரண்டு இரவுகள், அதன் பிறகு லேவில் இரண்டு இரவுகள். முதல் நாள் முழுவதும் ஆப்ரிகாட் தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. மறுநாள் பழைய மடாலயத்தின் சும்ட்செக் ஆலயத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிறம் மங்காத சுவரோவியங்களைக் கைவிளக்கின் ஒளியில் நிதானமாகப் பார்த்தோம். மதிய உணவு, பெண்களே நடத்தும் ஆல்ச்சி கிச்சனில். அதன் நிறுவனர் நில்சா வாங்மோ 2019ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது பெற்றவர். எங்கள் கண் முன்னாலேயே மாவைப் பிசைந்து, காய்கறிக் குழம்பில் வேகவைத்துப் பரிமாறிய சுதாகியும், சூடான கம்பீர் ரொட்டியும், ஆப்ரிகாட் பழச்சாறும் ஒன்பது நாட்களில் நாங்கள் சாப்பிட்டவற்றுள் மிகச் சிறந்தவை என்று உறுதியாகச் சொல்வேன். பூண்டு சேர்க்காத மாமிக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்தார்கள். முகாம்களில் வடித்த சோறு மட்டும் பல சமயம் அரைவேக்காடாகவே இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் குறைவான வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. குக்கரில் வைத்துத் தரும்படி கேட்ட பிறகு தயிர்சாதத்துக்கு ஏற்ற சோறு கிடைத்தது.

இனி, பெண்கள் குழுவாகச் செல்வதன் பயனை நான் முழுமையாக உணர்ந்த இடத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலைப் பயணம் என்றால் நம் பெண்கள் முதலில் செய்வது தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. வழியில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் நுழையக்கூடியதாக இருக்குமா என்ற கவலையிலேயே ஆறு, ஏழு மணி நேரம் வாய் நனைக்காமல் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். லடாக்கின் வறண்ட காற்றில் இந்தப் பழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது. அங்கே மூச்சு விடுவதிலேயே உடலின் நீர் வேகமாகக் குறைகிறது. டயாமாக்ஸ் மாத்திரையோ சிறுநீரைப் பெருக்குகிறது. நீர் குறைந்தால் வரும் தலைவலியையும் மலை நோயின் தலைவலியையும் பிரித்தறிவது கடினம். எங்கள் குழுத் தலைவி, இருபத்தெட்டு வயது லடாக்கியப் பெண், முதல் இரவே எங்களை உட்காரவைத்து இதைக் கூச்சமின்றிப் பேசினார். உயரத்தில் மாதவிலக்கு நாள் தவறியும் வரக்கூடும் என்பதையும், அதற்கு வேண்டியவை வண்டியில் இருப்பதையும் சொன்னார். இரண்டு வண்டிகளிலும் மடக்கக்கூடிய கழிப்பறைக் கூடாரமும் சிறிய கமோடும் இருந்தன. யாரும் கேட்கும் வரை காத்திராமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தலைவியே வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையிலிருந்து விலகிய மறைவான இடத்தில் கூடாரத்தை அடித்தார். கழிவைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வந்தார்கள். “ஆச்சே, தண்ணீர் குடித்தீர்களா?” என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்பார், ஆச்சே என்றால் லடாக்கிய மொழியில் அக்கா. மாமி மூன்றாம் நாள் என்னிடம், “நாற்பது வருஷமா பஸ்ல, ரயில்ல போறேன், இப்பதான் பயமில்லாம தண்ணி குடிக்கறேன்” என்றார். கொடுத்த பணத்தில் இந்த ஏற்பாட்டுக்கான பங்கை நான் மனமுவந்து மறுபடியும் கொடுப்பேன்.

நெடுங்காலம் 18,380 அடி என்று சொல்லப்பட்டு வந்த, உண்மையில் 5,359 மீட்டர் (சுமார் 17,580 அடி) உயரமுள்ள கர்துங் லா கணவாயில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க அனுமதிக்கவில்லை, அதுவே சரி. நூப்ரா பள்ளத்தாக்கில், ஹுண்டர் கிராமத்தின் மணல்மேடுகளுக்கு அருகே இரண்டு இரவுகள் தங்கினோம். டிஸ்கிட்டின் 32 மீட்டர் மைத்ரேயர் சிலையையும் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் எல்லோரும் பார்ப்பதைப் போலவே பார்த்தோம்.

குறை பாங்காங் ஏரியில் தொடங்கியது. ஹுண்டர் சுமார் 3,100 மீட்டர். பாங்காங் கரையில் எங்கள் கூடாரங்கள் இருந்த இடம் சுமார் 4,250 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. லேவில் தங்கிப் பழகியது ஓரளவு கைகொடுத்தாலும், முதல் பாதியை அவ்வளவு கவனமாக அமைத்தவர்கள் இங்கே ஒரே நாளில் 1,150 மீட்டர் ஏற்றியது தவறு. இரவு ஒரு மணிக்கு மாமிக்குக் கடும் தலைவலியும் குமட்டலும் வந்தன. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 72 சதவீதம்தான் என்று காட்டியது. முகாமில் ஆக்சிஜன் உண்டு என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் முகாமின் சிலிண்டரைத் திறந்தால், அளவு காட்டும் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. பதினொரு மணிக்கே ஜெனரேட்டரை அணைத்துவிட்டதால் கூடாரத்தில் வெப்பமும் இல்லை. எங்கள் வண்டியில் தலைவி தனியாக வைத்திருந்த சிலிண்டர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. லேவுக்கு இறங்க வேண்டுமானால் 5,300 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள சாங் லா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும் என்பதால், அவர் அந்தப் பாதையை நாடாமல், கணவாய் குறுக்கிடாத தாங்சே கிராமத்துக்கு மாமியையும் என்னையும் இருட்டிலேயே அழைத்துச் சென்றார். முந்நூறு மீட்டர் இறங்கியதுமே மாமியின் முகம் தெளிந்தது. தலைவலி முற்றிலும் நீங்கி, மறுநாள் நண்பகலுக்குப் பிறகுதான் சாங் லாவைக் கடந்தோம். அந்தப் பெண்ணின் நிதானத்துக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. ஆனால் ஓர் ஊழியரின் திறமையை நம்பி ஒரு திட்டத்தை வகுக்கக்கூடாது.

இன்னும் இரண்டு குறைகள். தனியறை வேண்டுபவரிடம் கூடுதலாக 48,000 ரூபாய் வாங்குகிறார்கள். தனியாக வரும் பெண்களுக்காகவே நடத்துவதாகச் சொல்லும் பயணத்தில், தனியாக வருவதற்கே அபராதம் போல இது இருக்கிறது. எட்டுப் பேரில் ஐவர் தனியாக வந்தவர்கள். அடுத்தது, லே விடுதியின் குளியல் தொட்டி. பனி உருகி வரும் நீரை நம்பி வாழும் ஊரில் அதை நிரப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு வாளி வெந்நீர் போதும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் கொண்டு செல்ல வேண்டும். செலவைக் குறைத்து வீட்டுத் தங்கலும் மலை நடையும் விரும்புகிறவர்கள், தின்லஸ் சோரோல் 2009இல் லேவில் தொடங்கிய லடாக்கி விமன்ஸ் டிராவல் கம்பெனியை விசாரிக்கலாம். வழிகாட்டிகள் அனைவரும் உள்ளூர்ப் பெண்கள்.

ஊர் திரும்பியதும் பாங்காங் இரவைப் பற்றி நிறுவனத்துக்கு விரிவாக எழுதினேன். தலைவியிடமிருந்து அன்றே மாமியின் நலம் விசாரித்து அழைப்பு வந்தது. நிறுவனத்திடமிருந்து பதினொரு நாள் கழித்து, திட்டத்தைப் பரிசீலிப்பதாக இரண்டு வரி வந்தது. செப்டம்பரில் சென்னையிலிருந்து என் தங்கை வருகிறாள், அவளோடு இதே பயணத்தை மறுபடி யோசிக்கிறேன். அதே தலைவி, பாங்காங்கில் இரவு தங்காமல் லேவிலிருந்து பகலில் மட்டும் சென்று திரும்புவது, புறப்படும் முன் எல்லாச் சிலிண்டர்களின் அளவையும் எங்கள் எதிரில் பார்ப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது வந்த பிறகே முன்பணம் கட்டுவேன்.