வசன நாட்காட்டி: முன்பக்கமும் பின்பக்கமும்

கடந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கிய ஒரு வசன நாட்காட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கும் வகையைச் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் ஆலய வளாகத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் போடும் புத்தகக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். வெளியிட்டவர்களின் பெயரை எழுதாமல் விடுகிறேன். குறைகளாக நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல, இதே அமைப்பில் வரும் பலவற்றுக்கும் பொருந்தும்.

தாளின் முன்பக்கத்தில் தேதி, கிழமை, வேதாகமத்தின் நமக்குப் பழகிய பழைய மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வசனம். பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் விளக்கம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘இன்று செய்ய’ என்ற தலைப்பில் ஒரே ஒரு வாக்கியம். நான் இதை வாங்கியதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ‘திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்’ என்று யாக்கோபு எழுதியதைச் சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனனம் செய்து பரிசும் வாங்கியவன் நான். ஆனால் காலையில் வாசித்த வசனத்தைக் கொண்டு மாலைக்குள் என்ன செய்வது என்று எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

வழக்கமான தினசரி காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் நல்ல நேரமும் இருக்கும் இடத்தில்தான் இந்த நாட்காட்டி வசனத்தை அச்சிட்டிருக்கிறது. அச்சிட இடம் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் எது இருந்தாலும் அதை ராசிபலனைப் பார்க்கும் கண்ணோடு பார்க்க நாம் பழகியிருக்கிறோம் என்பதை ஜனவரி மாதத்திலேயே உணர்ந்தேன். ‘இன்றைக்கு என்ன வந்திருக்கிறது’ என்றுதான் எங்கள் வீட்டில் கேட்பார்கள். ‘இன்றைக்கு என்ன சொல்லியிருக்கிறது’ என்று கேட்டதில்லை. நல்ல வசனம் வந்தால் முகம் மலரும். எச்சரிப்பு வந்தால் மறுநாள் தாளை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. புத்தாண்டு ஆராதனை முடிந்து, அந்த ஆண்டுக்கான வாக்குறுதி வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது நம்மில் பலர் உள்ளூர எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

நாளுக்கு ஒரு வசனம் என்ற முறையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728இல் சின்சென்டார்ஃப் பிரபு தம் சபையாருக்கு அன்றாடம் ஒரு வாக்கியத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆராய்ந்து சேர்ப்பது அவர்களின் வழக்கம். மொரேவிய சகோதரர்கள் எனப்பட்ட இந்தச் சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள் என்பதால், நமக்கு இந்த முறை முற்றிலும் அந்நியமும் அல்ல. ஆனால் தனி வசனம் என்ற அலகே பிற்காலத்து ஏற்பாடு. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல்தான் போட்டார். பவுல் பிலிப்பியருக்குக் கடிதம் எழுதினார். நான்காம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தை எழுதவில்லை.

அந்தப் பதின்மூன்றாம் வசனம், ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பது, இந்த நாட்காட்டியில் மார்ச் மாதத்தில், அதாவது பொதுத்தேர்வுக் காலத்தில் வந்தது. பின்பக்கத்திலும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கான ஊக்கவுரையே இருந்தது. பிள்ளைகளுக்கு ஊக்கம் தேவைதான். ஆயினும் இதற்கு முந்தைய வசனத்தில் பவுல், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார், சிறையிலிருந்து எழுதுகிறார். எல்லாவற்றையும் என்று அவர் சொல்வதில் பட்டினியும் அடங்கும். தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் இந்த வசனம் உதவக்கூடியது. விளக்கம் எழுதியவர் வெற்றி பெற்ற பிள்ளையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டார்.

இதைவிட என்னை வருத்தியது, ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்ற தாள். உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆசீர்வாதங்களுக்கு 14 வசனங்கள், சாபங்களுக்கு 54 வசனங்கள். ஆசீர்வாதமும் கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையோடு ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. நிபந்தனை அதே வசனத்தில்தான் இருக்கிறது. நாட்காட்டியில் அந்தப் பாதி இல்லை. என் அக்காள் கணவர் இறந்து மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது. அதைக் கிழித்த அக்காள் ஒன்றும் சொல்லாமல் மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள். நாட்காட்டி யார் வீட்டுத் துக்கத்தையும் அறியாது என்பது உண்மையே. ஆனாலும் 365 தாள்களில் புலம்பலுக்கு இத்தனை குறைவான இடம் ஏன் என்று அன்று முதல் தேடத் தொடங்கினேன். முழுவதும் இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரியும் இல்லை. ஆபகூக் தீர்க்கதரிசியின் ஜெபம் வந்தது. ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்ற வரி மட்டும். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்ற முந்தைய வசனத்தை வெட்டிவிட்டால், அந்த மகிழ்ச்சி எதைத் தாண்டி வந்தது என்பது வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

வசனத்தைப் பாதியில் வெட்டும் வழக்கத்துக்கு வேதத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் சோதனைக்காரனாகிய பிசாசு இயேசுவிடம் சொல்லிக் காட்டுவது 91ஆம் சங்கீதம். அதில் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொல்லை மத்தேயு எழுதியபடி அவன் விட்டுவிடுகிறான். நாட்காட்டிக்காரரை அவனோடு ஒப்பிடவில்லை. இடநெருக்கடிதான் அவர்களுடைய சோதனை.

இவ்வளவு குறை சொன்னபின், ஏன் ஓராண்டு முழுவதும் வைத்திருந்தேன் என்று கேட்கலாம். பின்பக்கத்தை எழுதியவர் ஒருவர் அல்லர், பலர் என்று நினைக்கிறேன். அவர்களில் ஒருவர் மிகவும் தேர்ந்தவர். அவர் எழுதிய தாள்களை நான்கைந்து வரிகளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பேசியவர் யார், கேட்டவர்கள் யார், அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நம்மிடம் வருவார். வந்தபின் தட்டிக்கழிக்க முடியாத ஒன்றைக் கேட்பார்.

எரேமியா 29:11 அவருடைய கைக்குப் போனது நல்லதாயிற்று. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம் பட்டமளிப்பு அட்டையிலும் திருமண அழைப்பிதழிலும் நாம் பார்ப்பது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது என்பதையும், இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்னபோது எழுபது வருஷம் என்று எரேமியா சொன்னார் என்பதையும், அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது என்பதையும் பத்தே வரிகளில் விளக்கியிருந்தார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதே கடிதத்தின் கட்டளை என்றார். ‘இன்று செய்ய’ பகுதியில், ‘நீங்கள் விருப்பமில்லாமல் குடியிருக்கும் ஊரின் ஒரு தேவையைக் குறிப்பிட்டு ஜெபியுங்கள்’ என்றிருந்தது. பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகனுக்கு இந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்தாண்டுகளாக எப்போது ஊர்ப்பக்கம் மாற்றலாகும் என்று மட்டுமே பேசிவந்தவன், அந்த வாரம் தன் குடியிருப்பில் தண்ணீர்ப் பிரச்சினைக்காகக் கூட்டிய கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனதாகச் சொன்னான்.

‘வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்ற யாக்கோபின் வசனத்துக்கும் இவரே எழுதியிருக்கவேண்டும். எங்களுக்கு வயல் இல்லை என்ற நிம்மதியோடு தாளைத் திருப்பினேன். ‘உங்களிடம் சில்லறை இல்லை என்பதால் நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னவர் யாராவது உண்டா? இன்று பொழுது சாயுமுன் கொடுங்கள்’ என்றிருந்தது. பொழுது சாயுமுன் என்ற சொல் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலிருந்து வருவதையும் குறிப்பிட்டிருந்தார். முந்தைய வாரம் தேங்காய் பறித்தவருக்கு இரண்டு மரத்துக்கான கூலி நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ‘இதுக்காகவா சார் வந்தீங்க?’ என்று கேட்டுக்கொண்டே அவர் அதை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். அவருடைய மனைவி அதை வாங்கி எண்ணினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 இந்த நாட்காட்டியில் இரண்டு முறை வந்தது. கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருவதைச் சொல்லும் மல்கியா 3:5 ஒருமுறைகூட வரவில்லை. இரண்டுக்கும் இடையே நான்கே வசனங்கள்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட தாள், ‘மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்பது. கிழித்து வாசித்த என் மனைவி மறுநாள் தாளையும், அதற்கடுத்த தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்கு ஒன்றும் இல்லையே’ என்றாள். அது வரும் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்திலேயே ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21ஆம் வசனம் எங்கும் இல்லை. புருஷர்களுக்கான 25ஆம் வசனம் செப்டம்பரில் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில். ஞாயிறு தாள்களின் பின்பக்கத்தில் விளக்கம் இராது. புத்தக விளம்பரந்தான் இருக்கும்.

பழைய மொழிபெயர்ப்பின் கடினச் சொற்களுக்குப் பொருள் தருவதில் நாட்காட்டி கவனம் எடுத்திருக்கிறது. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்’ என்ற நீதிமொழியில் சுமுத்திரையான நிறைகல் என்பது குறைவில்லாத எடைக்கல் என்று எழுதியிருந்தார்கள். நான் ஐம்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லை ஓசைக்காக மட்டும் உச்சரித்துவந்திருக்கிறேன். மளிகைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பொருளாகப் பார்த்தால், தாள் மெல்லியது. முன்பக்கத்துப் பெரிய எழுத்தின் மை பின்பக்கத்தில் தெரிகிறது. என் தாயாரைப் போன்ற முதியவர்களுக்குப் பின்பக்க எழுத்து மிகச் சிறியது. மழைக்காலத்தில் மேலுள்ள பசை இளகி அக்டோபர்த் தாள்கள் கொத்தாக வந்துவிட்டன; ரப்பர் வளையம் போட்டு ஒப்பேற்றினோம். வசனத்தின் ஆதாரம், அதாவது புத்தகப் பெயரும் எண்ணும், தேதியைவிடப் பெரிதாக அச்சிடப்படவேண்டும் என்பது என் கோரிக்கை. அதைப் பார்த்து வேதாகமத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனங்களை வாசித்த நாள்களில்தான் ‘இன்று செய்ய’ என்ற வாக்கியம் எனக்குப் பொருந்தியதா இல்லையா என்று தெரிந்தது. அந்தப் பத்து வசனங்களை வாசிக்க நேரமில்லாதவர்கள் இதை வாங்குவதைவிடத் திருச்சபையின் ஞாயிறு வேதபாடங்களை வாரம் முழுவதும் திரும்ப வாசிக்கலாம், செலவும் இல்லை.

நேரமுள்ளவர்களுக்கு இதை வாங்கச் சொல்வேன். நானும் இந்த ஆண்டுக்கு இரண்டு பிரதிகள் வாங்கினேன். ஒன்றைச் சமையலறைச் சுவரிலிருந்து எடுத்து, வேதாகமம் இருக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். மற்றொன்றை மைத்துனர் கடைக்குக் கொடுத்தேன். அவருடைய மின்னணுத் தராசுக்குப் பக்கத்தில், சென்ற ஆண்டுத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மங்கியிருந்தாலும், சுமுத்திரையான என்ற சொல்லின் கீழே அவர் போட்டிருந்த பேனாக் கோடு தெளிவாகத் தெரிந்தது.