இரண்டாவது மானிட்டரில் ‘நோ சிக்னல்’: எந்த வழியில் மாட்டினால் படம் வரும்?

டெஸ்க்டாப்புக்கு இரண்டாவது திரை வேண்டும் என்றால் முதலில் நம் கண்ணில் படுவது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மானிட்டர்தான். தூசி தட்டி மாட்டுகிறோம். ‘நோ சிக்னல்’ என்ற சின்னப் பெட்டி திரையில் மிதக்கிறது. உடனே கடைக்குப் போய், ஒரு வகை இணைப்பை இன்னொரு வகையாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கைக்குக் கிடைத்தபடி வாங்கி வருகிறோம். பல சமயம் அந்தக் காசு வீண், ஏனென்றால் கோளாறு இருக்கும் இடமே வேறு.

‘நோ சிக்னல்’ என்று எழுதிக் காட்டுகிற மானிட்டர் செத்துப்போனது இல்லை. அதன் பேனலும் பவரும் நன்றாகவே இருக்கின்றன, படம்தான் வந்து சேரவில்லை. மானிட்டர் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், முதல் மானிட்டரில் ஒழுங்காக ஓடுகிற கேபிளையே, சிபியு பக்கம் போர்ட்டை மாற்றாமல், இதில் செருகிப் பாருங்கள். படம் வந்தால் மானிட்டர் மேல் பழி இல்லை. மாட்டிய வழிதான் தவறு. வழிகள் நான்கு: கிராபிக்ஸ் கார்டின் (திரைக்குப் படம் தரும் தனி அட்டை) இன்னொரு போர்ட், மதர்போர்டு (எல்லா பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) போர்ட், கன்வெர்ட்டர், யுஎஸ்பி அடாப்டர்.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சிபியுவின் பின்பக்கம் யுஎஸ்பி, லேன், ஆடியோ துளைகளோடு சேர்ந்து இருப்பவை மதர்போர்டின் போர்ட்கள். அவற்றுக்குக் கீழே தனியாக, பெரும்பாலும் படுக்கைவசமாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டுடையவை. கார்டில் காலி போர்ட் இருந்து, மானிட்டரிலும் அதே வகை போர்ட் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். நேர் கேபிள் ஒன்று போதும், அதற்கு ஈடு கிடையாது.

மதர்போர்டு போர்ட்டில் படம் வர, பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். ஐ5-12400எஃப் மாதிரி பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் அது கிடையாது. ரைசன் 5 3600, 5600 ஆகியவற்றிலும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. ரைசன் 7000 வரிசையில் 7500எஃப் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதில் எல்லாம் உண்டு. இல்லாத பிராசசரை வைத்துக்கொண்டு மதர்போர்டில் எத்தனை கேபிள் மாற்றினாலும் பலன் பூஜ்யம்தான். சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தனி கார்டு மாட்டியிருந்தால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையில், ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ அல்லது ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’ என்ற பெயரில் இருப்பதை ‘எனேபிள்ட்’ ஆக்கினால் உயிர் வரும். கொஞ்சம் ரேமை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகைப் போர்ட் மட்டும் இருந்து, போர்டிலும் விஜிஏ இருந்தால், கன்வெர்ட்டரை விட இந்த வழியைத்தான் நான் சொல்வேன். செலவே இல்லை.

கன்வெர்ட்டர் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். விஜிஏ 1987-இல் வந்த அனலாக் இணைப்பு, இப்போதைய கார்டுகளில் இருக்கும் எச்டிஎம்ஐ டிஜிட்டல். இடையில் மாற்றித் தர ஒரு சிப் வேண்டும். வெறும் கம்பி இணைப்பால் ஆகாது. அந்த சிப்புக்கான மின்சாரம் எச்டிஎம்ஐ-யின் 18-ஆம் பின்னிலிருந்து வருகிறது. அதில் 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர்தான் உத்தரவாதம். படம் வந்து வந்து போனால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பக்கவாட்டில் யுஎஸ்பி பவர் துளை உள்ள கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய கார்டு என்றால் டிவிஐ போர்ட்டை உற்றுப் பாருங்கள். தட்டையான நீளத் துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ (DVI-I) வகை. அனலாக்கும் அதிலேயே வருவதால் விஜிஏ மானிட்டருக்கு சிப் இல்லாத சின்ன அடாப்டரே போதும். அந்த நான்கும் இல்லையென்றால் டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி (DVI-D). அந்த அடாப்டர் உள்ளேயே போகாது. பின்னை வளைத்து நுழைக்கப் பார்க்காதீர்கள். என்விடியா 2016-இல் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 1080, 1070 முதலே டிவிஐ-யில் அனலாக் கிடையாது.

இன்னொரு பொறி டிஸ்ப்ளே போர்ட் – எச்டிஎம்ஐ கேபிள். பார்த்தால் இரு பக்கமும் எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒருவழிப்பாதை. கார்டில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் வேலை செய்யும். பெரும்பாலான கார்டுகள் அந்தப் போர்ட் வழியாகவே எச்டிஎம்ஐ சிக்னலைத் தரக்கூடியவை. திருப்பி, சிபியுவில் எச்டிஎம்ஐ-யும் மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட்டுமாக மாட்டினால் ‘நோ சிக்னல்’தான். அதற்கு யுஎஸ்பி-யில் பவர் எடுக்கும் தனிக் கன்வெர்ட்டர் தேவை. கடையில் கேட்கும்போது ‘எதிலிருந்து எதற்கு’ என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள்.

யுஎஸ்பி அடாப்டரைக் கடைசியாகத்தான் வைப்பேன். 1920×1080 படத்தை நொடிக்கு 60 முறை அப்படியே அனுப்ப ஏறக்குறைய 3 ஜிகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0 தருவது 480 மெகாபிட், 3.0 தருவது 5 ஜிகாபிட். அதனால் நீல நிறத்திலோ ‘எஸ்எஸ்’ குறியோடோ இருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட்டில்தான் செருக வேண்டும். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ளவை படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. அந்த வேலை பிராசசர் தலையில் விழுகிறது. டிரைவர் ஏறாத வரை திரை கறுப்புதான், பயாஸ் திரையும் அதில் வராது. எக்செல், மெயில், டைப்பிங்குக்குத் தாராளமாகப் போதும். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் வேண்டாம்.

‘ஸ்பிளிட்டர் போட்டுக்கங்க சார், மலிவு’ என்றும் சிலர் சொல்வார்கள். எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒரே படத்தைத்தான் இரண்டு திரையிலும் காட்டும். கடையில் விளம்பரம் ஓட்ட அது சரி. ஒன்றில் பில்லும் இன்னொன்றில் ஸ்டாக் பட்டியலும் திறந்து வைக்க உதவாது.