வெடிக்குப் பயந்த நாய்க்கு ஒரு சட்டை: ஐந்துக்கு இரண்டு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆன்லைனில் ஒரு ‘ஆன்சைட்டி வெஸ்ட்’ வாங்கினேன், நாயின் பயத்தைத் தணிக்கும் என்று விற்கிற சட்டை. 1,450 ரூபாய். சாம்பல் நிறத் துணி, வயிற்றைச் சுற்றி இழுத்து ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை, இதே மாதிரி சரக்கு ஏழெட்டுப் பெயரில் கிடைக்கிறது.

எங்கள் நாய் பெயர் பூச்சி. ஆறு வயது, பெண், நாட்டு நாய், 17 கிலோ. திருடன் வந்தால் தெருவையே எழுப்பும், ஒரு குருவி வெடி வெடித்தால் பாத்ரூம் வாளிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடும். தீபாவளி மட்டும் என்றால் சமாளித்துவிடலாம், வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் இப்போது அரசு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வேறு குறித்துக் கொடுக்கிறது (தெருப் பையன்கள் அதை மதிக்கிறார்களா என்பது வேறு கதை). ஆனால் எங்கள் தெரு தத்தனேரி சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சாவு ஊர்வலத்தில் முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போவார்கள், கூடவே சரவெடி கொளுத்திப் போடுவார்கள், அதற்குக் காலண்டர் கிடையாது. வாரத்தில் இரண்டும் வரும், ஒரே நாளில் மூன்றும் வரும்.

சரி, சட்டைக்கு வருவோம். கைக்குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றினால் அழுகை அடங்குகிறதே, அதே யோசனைதான். மார்பையும் விலாவையும் ஒரே அளவில் அழுத்திப் பிடித்தால் நாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்கிறார்கள். இதைப் பற்றிய ஆராய்ச்சி முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன, சில நாய்களுக்குக் கொஞ்சம் உதவுகிறது, சிலவற்றுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பெட்டியில் அச்சடித்திருக்கிற மாதிரி மந்திரம் எல்லாம் கிடையாது.

முதல் பிரச்சினை அளவு. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்துதான் ஆர்டர் போட்டேன். ஆனால் வெட்டியிருப்பது லாப்ரடார் மாதிரி பீப்பாய் உடம்புக்கு. நம் நாட்டு நாய்க்கு மார்பு ஆழம், இடுப்பு ஒட்டிப்போயிருக்கும். மார்பில் இறுக்கினால் இடுப்பில் தொளதொளவென்று தொங்குகிறது, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. இரண்டாவது, வெல்க்ரோ. சத்தத்துக்குப் பயப்படுகிற நாய்க்குச் செய்த பொருளில் பிரிக்கும்போது சர்ர்ர் என்று கிழிகிற சத்தம் வருகிற பட்டையை வைத்த புண்ணியவான் யாரோ. முதல் நாள் கழற்றியபோதே பூச்சி கட்டிலுக்கு அடியில். மூன்றாவது, சூடு. நாய் சூட்டைத் தணித்துக்கொள்வதே பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால்தான். நம் ஊர் வெக்கையில், அதுவும் பயத்தில் ஏற்கெனவே இரைக்கிற நாய்க்கு, மேலே ஒரு கனத்த துணி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு வாரம் தினமும் சோறு வைக்கும்போது பத்து நிமிஷம் மாட்டிப் பழக்கினேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு ஊர்வலம் வந்தது. தப்புச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே சட்டையை மாட்டினேன். சரவெடி வெடித்தது. பூச்சி ஓடவில்லை. குரைக்கவில்லை. கூடத்து நடுவில் சிலை மாதிரி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு, ‘காசுக்கு மோசம் இல்லை’ என்று வேறு எழுதிவிட்டேன்.

என் மனைவிதான் அடுப்படியில் இருந்து வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டை எடுத்துவந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். பூச்சி ஈரலுக்கு உயிரையே கொடுக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. காது பின்னால் ஒட்டியிருந்தது, கண் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது, ஒன்றுமே சாப்பிடாமல் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. “இது அமைதியா இல்லைங்க, பயத்துல வெறச்சுப்போய் நிக்குது” என்றாள். சட்டையைக் கழற்றியதும் உடம்பு முழுக்க உதறிக்கொண்டு வாளிக்குப் பின்னால் ஓடியது. ஸ்டேட்டஸை அழித்தேன்.

அதே வீடியோவை மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தவர், “சத்தம் நின்ன பிறகு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடுது சார்?” என்று கேட்டார். யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. குரைக்கிறதா, ஓடுகிறதா, கடிக்கிறதா என்றுதான் கேட்பார்கள். சாப்பிடுவதைக் கணக்கு வையுங்கள், அதுதான் மீட்டர் என்றார். போன வருஷ தீபாவளிக்கு மறுநாள் மதியம்தான் சோற்றில் வாய் வைத்தது என்றேன். அதற்கும் முந்தின வருஷம் வேறு ஒரு இடத்தில் கொடுத்த மாத்திரையின் அட்டையையும் காட்டினேன். அசிப்ரோமசின். போட்டால் துணி மாதிரி தரையில் கிடந்தது, நாங்களும் நிம்மதியாகப் பலகாரம் சாப்பிட்டோம். அது உடம்பைத்தான் அடக்கும், பயத்தைக் குறைக்காது, சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் கூர்மையாகவே உறைக்கும், அதனால் வெடிப் பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பது சரியில்லை என்றார். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. ஓட முடியாமல் கிடந்திருக்கிறது, நாங்கள் தூங்குகிறது என்று நினைத்திருக்கிறோம்.

இப்போது டிராசோடோன், காபாபென்டின் மாதிரி மருந்துகள் கொடுக்கிறார்கள். நாயின் எடை, வயது, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், பூச்சிக்கு எழுதியதைப் பார்த்து உங்கள் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கிற சிரப்பையும் தொடாதீர்கள், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம். இன்னொன்று, பயம் தலைக்கு ஏறின பிறகு மாத்திரை கொடுத்துப் பெரிய பிரயோஜனம் இல்லை. வெடி தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், வெடி இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒரு தடவை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தோம், கொஞ்சம் தள்ளாடியது, மற்றபடி சரி.

தீபாவளி அன்று சட்டை இல்லை. மாத்திரை, பாத்ரூம், வெளிச் சத்தத்தை அமுக்க ஒரு டேபிள் ஃபேன், வாளியை எடுத்துவிட்டு பழைய ஜமுக்காளம். கதவைச் சாத்தவில்லை, அது தானாகத் தேர்ந்தெடுத்த இடம், வரலாம் போகலாம். நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டபோது தடவிக் கொடுத்தேன். தடவினால் பயம் பழக்கமாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள், ஆறுதல் சொல்லி யாருக்கும் பயம் அதிகமாகாது. இரவு 8:20க்கு ஈரலை வாங்கியது, கீழே போட்டது, அணுகுண்டு ஒன்று வெடித்தது, பத்து நிமிஷம் கழித்து அதே துண்டைத் தேடி எடுத்துத் தின்றது. போன வருஷம் மறுநாள் மதியம், இந்த வருஷம் அதே ராத்திரி எட்டரை.

ஊர்வலங்களுக்கு தினமும் மாத்திரை கொடுக்க முடியாதே. அதற்குத்தான் வெடிச் சத்தப் பதிவைச் சன்னமாக ஓடவிட்டு உடனே ஈரல் கொடுக்கிற பயிற்சி. முதலில் சத்தம், பிறகு தீனி, இந்த வரிசை மாறக் கூடாது. போன் ஸ்பீக்கரில் போட்டால் நாய் கண்டுகொள்ளாது, வெடியின் அந்த ‘தொம்’ அதில் வராது. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். மூன்று மாதம் ஆகிறது. வெடி என்றால் இன்னும் பாத்ரூம்தான், ஆனால் வெடிக்கு முன்னால் வருகிற தப்புச் சத்தம் கேட்டால் இப்போது நேராக அடுப்படிக்கு வந்து என் மனைவி முகத்தைப் பார்க்கிறது. ஊர்வலம் வந்தால் ஈரல் என்று புரிந்துவைத்திருக்கிறது. செத்தவர்கள் மன்னிக்கட்டும்.

நாயை அமைதிப்படுத்த என்று ஸ்விட்ச் போர்டில் சொருகுகிற ஃபெரோமோன் டிஃப்யூசரும் (அடாப்டில் மாதிரி) இருக்கிறது. குட்டி போட்ட தாய் நாயின் மடியில் சுரக்கும் ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்தது. மூடிய அறைக்குச் சரியாக இருக்கலாம், ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு ஃபேன் ஓட்டுகிற எங்கள் வீட்டில் நிற்காது என்று வாங்கவில்லை. பூனைக்கு இந்தச் சட்டையை மாட்ட வேண்டாம். கீழ் வீட்டு அக்கா சின்ன சைஸ் வாங்கி மாட்டினார், அது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அவரும் அமைதி என்றுதான் நினைத்தார்.

அப்படியென்றால் ஐந்துக்கு இரண்டு எதற்கு? ஒன்று, தையல் நன்றாக இருக்கிறது, நான்கு தடவை துவைத்தும் பிரியவில்லை. இன்னொன்று, உங்கள் நாய் லேசாகப் பதறுகிற ரகமாக இருந்து, சட்டையோடு ஈரலையும் தின்றால் உங்களுக்கு அது வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பலாம் என்றால் நடக்காது, முடி ஒட்டியிருந்தால் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதைச் சுருட்டி பாத்ரூம் ஜன்னல் சந்தில் அடைத்து வைத்திருக்கிறோம், தெருச் சத்தம் கொஞ்சம் குறைகிறது.