‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லை’: எந்த ஸ்கேனில்?

மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “மூளைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.” எந்த ஸ்கேன், நோய் கண்டு எத்தனை மணி நேரத்தில் எடுத்தது, எதைத் தேடி எடுத்தது என்று தெரியாவிட்டால் அந்த ‘ஒண்ணுமில்லை’க்குப் பொருளே இல்லை. எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் சி.டி. சொல்லும் ஒண்ணுமில்லை வேறு, பெரிய காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சொல்வது வேறு.

பாலமேட்டிலோ அவனியாபுரத்திலோ மாடு முட்டித் தலையில் அடிபட்டவருக்கு சி.டி.தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மண்டையோட்டு விரிசல் தெரியும், புது ரத்தம் வெள்ளையாகப் பளிச்சிடும். கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். ஆனால் ரத்தம் ஓரிரு வாரத்தில் நிறம் மங்கி மூளையோடு மூளையாகிவிடும். மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவுக்கு இப்போது பேச்சு தடுமாறினால், ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல், விழுந்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பக்கவாதத்தில் கை கால் விழுந்தவருக்கும் முதலில் சி.டி.யே. இங்கே ஒண்ணுமில்லை என்பது நல்ல செய்தி: ரத்தக்கசிவு இல்லை, ஆகவே நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியை யோசிக்கலாம். ‘சி.டி. நார்மல், அப்ப பக்கவாதம் இல்லை’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் ஆபத்து. அடைப்பால் செத்த பகுதி சி.டி.யில் கறுக்கப் பல மணி நேரம் ஆகும், எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்தில் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டுவது) பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். மூளைத்தண்டில் விழும் சிறிய அடைப்பை முதல் நாளில் அதுவும் தவறவிடலாம். நாலரை மணிக் கணக்கு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும்; தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்திலிருந்து. பேரையூரிலிருந்து வண்டி பிடிப்பவர்கள் அந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வரட்டும்.

வலிப்புதான் சிக்கலான இடம். நம் ஊரில் பெரியவருக்கு முதல்முறை வலிப்பு வந்தால் நாடாப்புழுக் கட்டியையும் காசநோய்க் கட்டியையும் தேடியாக வேண்டும். இரண்டுமே வளையமாகத் தெரியும். வேலூர் மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் உதவுகிறது: 20 மில்லிமீட்டருக்குள் உருண்டையாக, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழுக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அதை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். ஆனால் புழு செத்துச் சுண்ணாம்பாகிவிட்டால் விலை குறைந்த சி.டி.யே ஜெயிக்கும், சாதாரண எம்.ஆர்.ஐ. வரிசையில் அந்தப் புள்ளி நழுவிவிடும். வலிப்புக்கு இன்னொரு காரணமான ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) சுருக்கமோ 5 மில்லிமீட்டர் துண்டுகளில் ஒளிந்துகொள்ளும். 1 மில்லிமீட்டர் முப்பரிமாணப் படமும், ஹிப்போகாம்பஸுக்குச் செங்குத்தான துண்டுகளும் வேண்டும். சீட்டில் வெறும் ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன்’ என்று எழுதினால் அவை கிடைக்காது. ‘வலிப்பு புரோட்டோகால்’ என்று எழுத வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். தாலித் தங்கத்தைவிட அதில் கோத்திருக்கும் ஊக்குதான் வில்லன்: இரும்பு, பறந்து வரும். கொண்டை ஊசி, அரைஞாண் தாயத்து, மெட்டி எல்லாம் வெளியே. கண்மையில் உலோகத்தூள் இருந்தால் கண்ணுக்குப் பின்புறப் படம் கெடும். பேஸ்மேக்கரையும் மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப்பையும் முன்பே சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் கெட்டவர், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் மருந்தை ஏற்றும் முன் ரத்தப் பரிசோதனையைக் காட்ட வேண்டும்.

மறதிக்கு பெட் (PET) ஸ்கேன், கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுப்பது. மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று அது காட்டும்: அல்சைமரில் பக்கவாட்டிலும் பின்புறமும், முன்மூளைத் தேய்வில் நெற்றிப் பக்கம். ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் படம் மங்கும். ஊசி போட்டபின் இருட்டறையில் செல்போன் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும். பார்த்தாலும் பேசினாலும் அந்தந்த இடம் பளிச்சிட்டுப் படத்தைக் குழப்பும்.

மனநல மாத்திரை சாப்பிடுபவருக்குக் கை நடுங்கினால் டிரோடாட் ஸ்பெக்ட் (மூளையின் டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் ஸ்கேன்) பயன்படும். அது நார்மல் என்றால் நடுக்கம் பெரும்பாலும் மாத்திரையால். அந்த முனைகள் குறைந்திருந்தால் பார்க்கின்சன் வகை. இங்கே ஒண்ணுமில்லை என்பதே விடை.

மனச்சோர்வையோ மனச்சிதைவையோ ஸ்கேனில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மூளைநீர் அறைகள் சராசரியில் பெரிதாக இருப்பது 1976லேயே சி.டி.யில் தெரிந்துவிட்டது, ஆனால் நோயில்லாதவர் அளவுகளும் அதே வீச்சில் விழுகின்றன. மூளை வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் மாறுவதை அளக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இன்னும் நுணுக்கம்: சமிக்ஞை மாற்றம் ஓரிரு சதவீதம், அதுவும் 5, 6 நொடி தாமதமாக, தலை சில மில்லிமீட்டர் அசைந்தால் போச்சு. 2009இல் செத்த சால்மன் மீனைப் படுக்கவைத்தும் ‘மூளைச் செயல்பாடு’ காட்டினார்கள், புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நிரூபிக்க. ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு நல்ல கருவி. தனி ஆளுக்குத் தீர்ப்பு எழுத உதவாது.

திடீர் மனக்குழப்பத்துக்கு ஸ்கேன் எடுப்பது வேறு காரணம் உண்டா என்று பார்க்க. 50 வயதுக்குமேல் முதல்முறை, காய்ச்சல், வலிப்பு, நினைவு வந்து வந்து போவது என்றால் கட்டாயம். ஆனால் இளம்பெண் ஒருத்தி சில வாரத்தில் ஆள் மாறி, வாயைக் கோணிக்கொண்டு, வலிப்பும் வந்தால், தற்காப்பு சக்தியே மூளையைத் தாக்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நோயில் பாதிப் பேருக்காவது எம்.ஆர்.ஐ. நார்மலாகவே வரும். ‘ஒண்ணுமில்லை’ என்று படத்தை உறையில் போட்டுவிடாமல், அன்றே முதுகுநீர் எடுத்து, மூளையைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.