கொட்டும் பனியில் கேதார்கண்டாவா, குல்மார்க்கா? காரைக்குடியிலிருந்து கிளம்புவோருக்கு

பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்துக்கொண்டு பனிமலைக்குக் கிளம்பும் காரைக்குடி, தேவகோட்டை செட்டுகளுக்கான அலசல் இது. வானம் தெளிந்திருந்தால் உத்தராகண்டின் கேதார்கண்டா மலையேற்றம், காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குத் தலம் இரண்டுமே சரிதான். வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் (மேற்கிலிருந்து வந்து இமயமலையில் மழையும் பனியும் கொட்டும் காற்றுச் சுழற்சி) வந்து இரண்டு நாள் விடாமல் பனி கொட்டினால் கணக்கே வேறு.

கேதார்கண்டா (3,810 மீட்டர்) பாதையில் பெரும்பகுதி காடும் முகடும். பனிச்சரிவு பயம் குறைவு, உச்சிக்கு முந்தைய ஏற்றத்தில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஆளைச் சாய்ப்பது நனைந்த கையுறையும், தடம் மூடி வழி தவறுவதும்தான். ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி ஊருக்கான சாலை அடைபட்டால் ரயிலும் போச்சு. ஒரு நாள் உபரி வைக்காமல் ரிட்டர்ன் டிக்கெட் போடாதீர்கள்.

குல்மார்க்கில் கோண்டோலா எனும் ரோப் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறக்கிவிடும். வேர்க்காமல் சரிவின் தலைக்கே போய்விடலாம். வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான். பனிச்சறுக்கு ரோந்துக் குழு பார்த்துக்கொள்வது சறுக்குத்தட எல்லைக்குள் மட்டுமே. 2023, 2024 பிப்ரவரிகளில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தது சறுக்குத்தடத்துக்கு வெளியே.

பனி ஏன் சரிகிறது? சாய்த்த பலகையில் ரவையைத் தூவி, அதன்மேல் ஆத்தங்குடிக் கல்லை வைத்துப் பாருங்கள். பழைய பனி அடியில் ரவையாக உதிர்ந்து கிடக்கும். காற்று அள்ளிக் குவித்த புதுப்பனி மேலே பாளமாக இறுகும். ஒரு ஆள் மிதித்தாலே போதும். 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் மோசம். அது எவ்வளவு என்று தெரிய, சாய்வுமானி ஆப்பைத் திறந்து போனை வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் வையுங்கள். பல வீடுகளில் 30-ஐத் தாண்டும்! காலடியில் 'தொப்'பென்று பனி அமுங்கினாலோ, கீறல் ஓடினாலோ உடனே வந்த தடத்திலேயே திரும்புங்கள். பனி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் செங்குத்துப் பக்கம் போகக் கூடாது.

குல்மார்க்கில் தடத்தை விட்டு இறங்குவதானால் டிரான்ஸீவர் (புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்கும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குமேல் மூச்சு தாங்காது. ஊரிலேயே பழகுங்கள்: டிரான்ஸீவரை ஒருவர் வைக்கோல் போருக்குள் ஒளித்து வைக்க, மற்றவர் தேடட்டும். தேடும்போது போன் அரை மீட்டராவது தள்ளியிருக்கட்டும், இல்லாவிட்டால் திசை தப்பும். பேட்டரி அல்கலைன் மட்டும்; ரீசார்ஜ் வகை குளிரில் திடீரென்று கைவிடும்.

சிங்கப்பூர்ச் சொந்தக்காரர் கொடுத்த சாட்டிலைட் கருவியை மூட்டையில் போடாதீர்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டுவீர்கள்.

புதியவர்களுக்கு எங்கள் ஓட்டு கேதார்கண்டாவுக்கே. பனிச்சரிவு எச்சரிக்கை விடும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான சண்டிகர் டி.ஜி.ஆர்.இ.யின் அறிவிப்பில் அபாய நிலை (ஐந்தில்) 3 என்று வந்தால் ஜூடா கா தலாப் காட்டு முகாம்வரை போய்த் திரும்புங்கள். குல்மார்க்கில் இருப்பவர்கள் முதல் கட்டமான கோங்தூரியோடு நிறுத்திக்கொண்டு, மேலே போக வாங்கிய டிக்கெட்டை மறந்துவிடுங்கள்.